பண்டாரி கொண்டுவந்த எலும்பு சூப்

வேலைக்குச் சேர்ந்திருக்கும் புதியவர்களே, நோயாளியிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்ட பிறகு சாப்பாட்டு நேரத்தில் கட்டில் பக்கத்தில் போய் நில்லுங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்த பாடம் எத்தனையோ முறை என்னைக் கைவிட்டிருக்கிறது, அப்படிப் போய் நின்றது ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

உங்கள் கையில் இப்போது செயலி இருக்கிறது. முட்டை என்று தட்டினால் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கண் இமைப்பதற்குள் சொல்லிவிடுகிறது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டியே என் கண்ணாடி தடித்தது. ஆனால் அந்த முட்டை யார் வாய்க்குள் போனது என்பது செயலிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆஸ்பத்திரி நமக்குச் சம்பளம் கொடுக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புரதத்தையும் கொழுப்பையும் எப்படிச் சமன்படுத்துவது என்று நீங்கள் தேர்வில் எழுதிய பதில் எல்லாம் சரியானதுதான். கட்டில் பக்கத்தில் அது எப்படி மாறிப்போகிறது என்று பாருங்கள்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு இங்கே வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். அதனால் தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் "சேச்சியுடைய ஆள் வந்திருக்கிறது" என்று சிஸ்டர்கள் என் தலையில் கட்டிவிடுவார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் பரோட்டா மாவு பிசைகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் ராவுத்தர் குடும்பங்கள் என்று பலரும் வருவார்கள். ஆமினா அப்படி ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண்மணி. பாலக்காட்டில் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். மகன் வளைகுடாவில், மகள் கல்யாணமாகி ஆலுவாவில். வீட்டில் அவளும் கணவர் காசிமும் மட்டும்தான்.

காசிமை அந்த வட்டாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பண்டாரி என்பார்கள், கல்யாண வீட்டில் பிரியாணி தம் போடும் தலைமைச் சமையல்காரருக்கு அந்தப் பெயர். நேரில் கூப்பிடுவது இக்கா என்று, நம் அண்ணன் மாதிரி. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைட்டிலா வரை அவர் கையால் பிரியாணி சாப்பிடாத கல்யாண வீடு குறைவு. முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். அடுப்புச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் குரல் கரகரத்துப்போயிருக்கும்.

ஆமினாவுக்குச் சர்க்கரை நோய். செருப்புக் கடித்த சின்னப் புண் உள்ளுக்குள் போய், சுண்டுவிரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. எடுத்த இடம் ஆற வேண்டும். ஆறவில்லை. இன்சுலின் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, கிருமிக்கு மருந்து வேலை செய்துகொண்டிருந்தது, காலுக்கு ரத்த ஓட்டமும் பரவாயில்லை. ஆனாலும் கட்டைப் பிரித்துப் பார்த்தால் புண் வெளுத்துப்போய், ஒரு துளி புதுச் சதை இல்லாமல் கிடந்தது.

அறுவை சிகிச்சை மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். வார்டைச் சுற்றி வந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அடுத்த வாரமும் புண் இப்படியே இருந்தால் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிடுவேன், காத்திருந்தால் முழங்கால் வரை போய்விடும் என்றார். ரத்தத்தில் புரதம் இறங்கிக்கொண்டே வருகிறது, இந்த அம்மா என்னதான் சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த உணவு சரியாகத்தான் இருந்தது. முட்டை, மீன், பயறு, மோர் எல்லாம் அதில் இருந்தன. தட்டு திரும்பிப் போகிறதா என்று சிஸ்டரிடம் கேட்டேன். தொடாமலே போகிறது என்றாள்.

மறுநாள் மதியம் போய் நின்றேன்.

பண்டாரி கையில் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். சட்டையில் விறகுப் புகை வாசம். என்னைப் பார்த்ததும் "டாக்டரே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள், அதனால் உட்கார்ந்துவிட்டேன். அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். ஆட்டெலும்பும் இறைச்சியும் மிளகும் சேர்ந்து மணிக்கணக்கில் கொதித்த வாசனை வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கே நாவில் நீர் ஊறியது, பொய் சொல்வானேன்.

டம்ளரில் ஊற்றி, மனைவியின் முதுகுக்குத் தலையணை வைத்து, கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒவ்வொரு மிடறுக்கும் அவர் தொண்டையும் கூடவே அசைந்தது. கடைசி மிடறு இறங்கியதும் "கொள்ளாமா?" என்று கேட்டார். "நல்லாருக்கு இக்கா" என்றாள் அவள். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரித் தட்டு மூடியபடி பக்கத்திலேயே இருந்தது. அதை இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் ஆமினா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் வேர்த்திருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"வயித்தப் பொரட்டுது டாக்டரே. ஒரே நெய்யா இருக்கு. இத ஒரு கிளாஸ் குடிச்சா ராத்திரி வரைக்கும் வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்குது."

"அப்புறம் எதுக்கும்மா குடிக்கிறீங்க? வேண்டாம்னு சொல்லலாமே."

அவள் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு ஊருக்கெல்லாம் சமைச்சவரு. வீட்டு அடுப்புப் பக்கம் வந்ததே கெடையாது. நான் வச்சுக் கொடுப்பேன், அவரு சாப்பிடுவாரு. இப்பதான் எனக்குன்னு, எனக்கு மட்டும்னு அடுப்பு மூட்டுறாரு. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்ததும் மூட்டிருவாராம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. கல்யாண வேலையெல்லாம் வேண்டாம்னுட்டாரு. அத எப்படி டாக்டரே வேண்டாம்னு சொல்ல? நீங்க இக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, கேட்டோ."

"கால் போயிடும்மா. டாக்டர் தேதி குறிக்கப் போறார்."

"கால் போனா போகட்டும். அவரு மனசு ஒடஞ்சா நான் எத வச்சு ஒட்டுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு சேர்ந்தே அழுகையும் வந்தது. இப்படி ஒரு பதிலுக்கு என்ன எழுதுவது என்று எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அவளுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. "உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனா சும்மா இருக்கவும் மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, என் கையை விடவில்லை.

விஷயம் என்னவென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். இறைச்சியின் சத்து முழுவதும் சாற்றில் இறங்கிவிடுகிறது என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். உடம்புக்கு முடியாதவருக்குச் சாறு, மற்றவர்களுக்குத் துண்டு. உண்மையில் சாற்றில் இறங்குவது பெரும்பாலும் கொழுப்பும் உப்பும் வாசனையும். புரதம் கொஞ்சம் இறங்கும், பெரும்பங்கு துண்டிலேயே இருந்துவிடும். கொழுப்பு வயிற்றை விட்டுச் சீக்கிரம் கிளம்பாது. வயிறு நிறைந்துவிட்ட உணர்வு அப்படியே இருப்பதால், புண்ணை ஆற்ற வேண்டிய முட்டையும் மீனும் உள்ளே வர வழியில்லாமல் தட்டிலேயே கிடந்து திரும்பிப் போகும்.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். "வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுதிவிடுங்கள். வாசலில் தடுத்துவிடுவார்கள். வேலை தீர்ந்தது" என்றார். இதில் தவறு ஒன்றும் இல்லை, நானும் பல பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காசிம் பிளாஸ்க்கோடு வெளியே நிற்பார். அவர் வெளியே நிற்கிறார் என்பதை நினைத்தே அவள் உள்ளே ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ஏன் தடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாததால், வீட்டுக்குப் போன மறுநாளே அடுப்பில் எலும்பு ஏறும். பொய் சொல்லி அவரைச் சமாளிக்கலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. பொய்யின் ஆயுள் ஆஸ்பத்திரி வாசல் வரைதான். அவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும், அதை அவரே கண்டுபிடித்ததாகவும் இருக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன். வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

அடுத்த நாள் மதியம் வார்டுக்கு வெளியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். உணவு பரிமாறும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, சூப் எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார். எந்த எலும்பு, எந்தக் கடை, மிளகை எப்போது தட்டிப் போடுவது, தீயை எப்போது தணிப்பது என்று ஒரு கல்யாணச் சமையலையே நடத்திக் காட்டினார்.

"எறச்சிய என்ன செய்வீங்க இக்கா?"

"அது எதுக்கு டாக்டரே. சத்தெல்லாம் சாறுல எறங்கிருச்சுல்ல? மிச்சம் வெறும் நாரு. பக்கத்துக் கிடங்குப் பூனைங்களுக்குப் போட்ருவேன்."

அந்தக் கிடங்குப் பூனைகளில் ஒன்றுக்குப் புண் வந்திருந்தால் ஒரே வாரத்தில் ஆறியிருக்கும். எனக்கு அப்போது நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நின்றது. "கல்யாணப் பந்தியில் துண்டை எல்லாம் எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் விளம்புவீர்களா?" என்று கேட்டிருக்கலாம். நல்ல கேள்வி. கேட்டிருந்தால் அவர் பதில் இல்லாமல் நின்றிருப்பார், நான் ஜெயித்திருப்பேன், ஆமினாவுக்கு ஒரு கவளம்கூடக் கூடுதலாக இறங்கியிருக்காது. இப்படிப்பட்ட கெட்டிக்காரக் கேள்விகள் உங்களுக்கும் வரும். வந்தால் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, இந்த சூப்பை ஒரு பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து நீங்களே எடுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"சூடு ஆறிப்போனா ருசி கெட்ரும். அவ காத்திட்டிருப்பா."

"நான் போய்ச் சொல்லிக்கிறேன். ஒரு நாள் எனக்காக."

அரைமனதாக வைத்துவிட்டுப் போனார். நான் ஆமினாவிடம் போய், சூப் சாயங்காலம்தான் என்று மட்டும் சொல்லி, ஆஸ்பத்திரி மீனை முள் எடுத்துக் கொடுத்தேன். வயிறு காலியாக இருந்ததால் பாதிக்கு மேல் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே "அவரு கோச்சுக்கிட்டாரா?" என்று ஏழெட்டு தடவை கேட்டிருப்பாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே அவர் வந்துவிட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தை அவரையே எடுக்கச் சொன்னேன். மூடியைத் திறந்தார். மேலே விரல் தடிமனுக்கு வெள்ளையாக உறைந்திருந்தது. சமையல்காரர், அவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல்யாணச் செம்பில், அந்தப் பெரிய பிரியாணி அண்டாவில், கொதிக்கக் கொதிக்கப் பார்த்துப் பழகியவர், ஒரு மனுஷியின் பங்கு ஆறி உறைந்து அவர் பார்த்ததில்லை. நகத்தால் தட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது.

"இவ்வளவும் அவ வயித்துக்குள்ளயா போச்சு?" என்றார்.

நான் மெதுவாகச் சொன்னேன். "கொழுப்பு நமக்குப் பகையில்ல இக்கா. நீங்க தாளிக்கிற ஒரு ஸ்பூன் எண்ணெய் அவங்களுக்கு வேணும். ஆனா அவங்க வயிறு இப்ப சின்னப் பந்தல். மொதல்ல உக்காந்தவங்களுக்குத்தான் எலை. இது வந்து உக்காந்துக்கிச்சுன்னா புண்ணுக்குச் சதை கட்ட வேண்டிய மீனும் முட்டையும் வெளியிலேயே நிக்குது. சதை கட்டறது நீங்க பூனைக்குப் போட்டீங்களே, அந்த நாருலதான் இருக்கு."

அவர் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நாந்தான் அவ கால கெடுத்தேனா?"

என் வேலைக்காலத்தில் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் நான் மிகவும் பயந்தேன். "சே சே, இல்லவே இல்லை" என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். "ஆமாம்" என்றால் அதைவிட அநியாயம் கிடையாது. அந்த மாதிரி நேரத்தில் ஆறுதலைத் தேடாதீர்கள், உள்ளதைத் தேடுங்கள்.

"கால கெடுத்தது சர்க்கரை" என்றேன். "நீங்க கொடுத்தது வெஷம் இல்ல, சாப்பாடுதான். எடம் மாறி உக்காந்துருச்சு. கால காப்பாத்த இன்னும் நாலஞ்சு நாள் இருக்கு. அதுக்கு உங்க கைதான் வேணும், என் கையால ஆகாது."

அவர் மூடியை எடுத்துப் பாத்திரத்தை மூடினார். பிறகு கேட்டார்: "அவளுக்கு இது புடிக்கலையா? ஒங்ககிட்ட சொன்னாளா?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும் இக்கா."

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வார்டுக்குள் போனார், நானும் பின்னால் போனேன். வெறுங்கையோடு வருகிறவரைப் பார்த்ததும் ஆமினா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன்.

"ஒனக்கு அது புடிக்கலையா ஆமினா?"

"நல்லாத்தான இருந்துச்சு இக்கா."

"பொய் சொல்லாத. வயித்தப் பொரட்டுச்சுல்ல?"

அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மூடியத் தெறக்கும்போது ஒங்க மொகம் ஒரு மாதிரி இருக்கும். அதப் பாக்கத்தான் குடிச்சேன்" என்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நோயாளி கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்பது எங்கள் வார்டின் கண்டிப்பான விதி. சிஸ்டர் பார்த்தாள், பார்த்துவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். அவர் மனைவியின் கட்டுப் போட்ட காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "சாரமில்ல இக்கா, பரவால்ல" என்று அவள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பிளாஸ்க் போய் டிபன் கேரியர் வந்தது. கொழுப்பு நீக்கிய இறைச்சியைக் கொத்தி, சின்ன உள்ளியோடு சொட்டு எண்ணெயில் வதக்கியது. வைப்பின் தீவுப் படகில் வந்த சாளை மீனைக் குடம்புளி போட்டு, தேங்காய்ப்பால் இல்லாமல் வைத்த குழம்பு. சாளையில் இருக்கிற கொழுப்பு நல்லது, அதைத் தனியாக ஊற்ற வேண்டியதில்லை என்று சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சிறுபயறு, வேகவைத்த முட்டை. அவளுடைய சிறுநீரகம் நன்றாக இருந்ததால் புரதத்தைக் கூட்டுவதில் எனக்குப் பயம் இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக நான் என் அறைக்குப் போயிருக்க வேண்டும். பழக்கதோஷம், மதியம் போய் நின்றேன்.

நின்றது நல்லதாகப் போயிற்று. தட்டில் அவர் வைத்த இறைச்சியில் பாதியை அவள் விரலால் ஒதுக்கி அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க ஒண்ணும் சாப்பிடலையே" என்றாள். அவர் திரும்பத் தள்ளினார். மறுபடி அவள் தள்ளினாள். சாதமும் குழம்பும் அவள் வாய்க்குள் போயின, துண்டு நடுவிலேயே அல்லாடிக்கொண்டிருந்தது.

"வீட்டுல நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டு, எல்லாரையும் போலத்தான் என்று பதில் வாங்கி எழுதி வைத்திருந்த கேள்விதான்.

"பிள்ளைங்க சாப்பிட்டு, வந்தவங்க போனவங்க சாப்பிட்டு, சட்டியில கெடக்கிற சாறப் போட்டுப் பெசஞ்சு சாப்பிடுவேன். அது போதும் எனக்கு."

காசிம் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். பண்டாரி என்கிறவர் பந்தி முடிந்து, செம்பு கழுவும் நேரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். அவள் வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிடுகிறவள். இத்தனை காலமும் இரண்டு பேரும் கடைசியில்தான் சாப்பிட்டார்கள், ஆனால் சேர்ந்து ஒருநாளும் இல்லை. கடைசியில் உட்காருகிறவருக்கு எந்த வீட்டிலும் சாறுதான் மிஞ்சும். அவளுக்குச் சாறு காசிம் கையால் வந்தது இப்போதுதான், ஆனால் அவள் சாற்றிலேயே காலம் தள்ளியவள். நம் பக்கத்துப் பெண்களுக்குப் புரதம் எங்கே போகிறது என்று யாராவது உங்களிடம் கேட்டால், வீட்டில் சாப்பிட உட்காரும் வரிசையைப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் ஒரே ஒரு விதிதான் போட்டேன். இரண்டு தட்டு, இரண்டிலும் ஒரே அளவு, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒருவர் தட்டை இன்னொருவர் தொடக்கூடாது. ஆமினாவுக்கு வெட்கமாகிவிட்டது. "இவரு முன்னால எப்படி டாக்டரே" என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். காசிம் "நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன், நீ சாப்பிடு" என்று சொல்லி, அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டு அவரும், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவளும் சாப்பிட்டு முடித்தார்கள். இரண்டு தட்டும் காலி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். அடுத்த நாள் அவர் பாதி திரும்பி உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாள் நேராகவே உட்கார்ந்தார், அவளும் முந்தானையைத் தொடவில்லை.

மருத்துவர் குறித்த நாள் வந்தது. காலையில் கட்டைப் பிரிக்கும்போது என்னையும் கூப்பிட்டிருந்தார். காசிம் வெளியே தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றார், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். கடைசிச் சுற்றுத் துணியை எடுத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். புண்ணின் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. நடுவில் இன்னும் வெளுப்பு இருந்தது, ஆனால் சிவப்பு உள்நோக்கி வந்துகொண்டிருந்தது. மருத்துவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "இன்று அறுவை சிகிச்சை இல்லை" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அதற்குப் பிறகும் ஆற வாரங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை சர்க்கரை ஏறி எங்களைப் பயமுறுத்தவும் செய்தது. ஆனால் பாதம் தப்பித்தது. புண் ஆறியதற்கு மருந்தும் காரணம், தினமும் சுத்தம் செய்த சிஸ்டரும் காரணம். சாப்பாடுதான் எல்லாம் செய்தது என்று மார்தட்டிக்கொள்ளாதீர்கள், மற்றவர்கள் செய்த வேலை வீணாகாமல் பார்த்துக்கொண்டோம் என்றால் போதும்.

வீட்டுக்குப் போகிற நாளில், இனி என்ன சாப்பிடுவது என்று பேச இரண்டு பேரையும் என் அறைக்கு வரச்சொன்னேன். ஆமினா கைத்தடி ஊன்றி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். காசிம் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க டாக்டரே. இவளுக்கு என்னென்ன ஆக்கிப் போடணும்? எதுன்னாலும் செய்யறேன்."

"எது எவ்வளவுங்கறத நான் சொல்றேன் இக்கா. எதுங்கறத அவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆமினா, ஒனக்கு என்ன புடிக்கும்?"

"மோனுக்கு மீன் வறுத்தா போதும். மோளுக்குத்தான் முட்டை ரோஸ்ட் இல்லாம..."

"பிள்ளைங்கள விடு. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஒனக்கு."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தெரியலயே இக்கா" என்றாள். "யாரும் கேட்டதில்லையே."

காசிம் அவள் கைத்தடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மெல்ல யோசிச்சுச் சொல்லு" என்றார். "நான் இங்கதான இருக்கேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு நானும் காத்திருந்தேன்.